மூன்று கொட்டேஷனும் ஒரு பிளேயரும்

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் இண்டென்ட் என்கிற கொள்முதல் கோரிக்கை இல்லாமல் நுழைந்ததில்லை. மிக்ஸியோ மெத்தையோ, எதுவானாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாள் சாப்பாட்டு மேசைக்கு வந்து தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் உட்காரும். பொருள் என்ன, எதற்காக வேண்டும், யார் உபயோகிக்கப் போகிறார்கள், எங்கே வைக்கப் போகிறோம் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே என் கணவரின் பொடிப்பொடியான கையெழுத்து.

சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அணுசக்தித் துறைக் குடியிருப்பான இந்த அணுபுரத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள், இங்கே பாதி வீடுகளில் ஏதோ ஒரு ஆபீஸ் பைத்தியம் உண்டு. நான் வேலை பார்ப்பது பர்ச்சேஸ் செக்‌ஷனில். அவர் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். எனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருப்பதால் குவார்ட்டர்ஸ் இப்போது என் பெயரில் இருக்கிறது. இதை வாரம் ஒரு முறையாவது அவருக்கு நினைவுபடுத்துவேன்.

எங்கள் பழக்கமே ஒரு இண்டென்டில்தான் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்னால், அவருடைய பிரிவுக்கு ஒரு மீட்டர் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார். ‘தேவைக்கான காரணம் போதவில்லை’ என்று ஓரத்தில் பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் இரண்டு பக்கத்துக்குக் காரணம் வந்தது. அதற்கும் ஒரு கேள்வி போட்டேன். மூன்றாவது தடவை ஃபைல் வரவில்லை, ஆளே வந்து மேசை முன்னால் நின்றார்.

“இன்னா மேடம், கொஸ்டின் மேல கொஸ்டினா போட்டுகினே கீறீங்க?”

அவருடைய சொந்த ஊரான படாளத்துப் பேச்சு. சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்குத்தான் இன்று வரை சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வைகாசியில் ஒரு காலை, சொம்புக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. பொருள்: சரவுண்ட் சவுண்ட் தரும் மீடியா பிளேயர், ரிசீவர், ஸ்பீக்கர்கள் உட்பட. சத்தம் நாலு பக்கமும், தலைக்கு மேலிருந்தும் வர வேண்டும். காரணம்: படம் பார்க்க. உபயோகிப்பவர்: வீட்டில் உள்ளவர்கள். வைக்கும் இடம்: ஹால்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஒரு வருடமாக வீட்டில் நான் அதிகம் பேசிய வார்த்தை ‘கேக்குதா?’ என்பதுதான். அடுக்களையில் இருந்து கூப்பிட்டால் பதில் வராது. கிட்டே போய் நின்றால், “எப்ப வந்த?” என்பார். டிவி சத்தத்தில், எங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்பது எதிர் பிளாக்குக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, தியேட்டருக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளில் இருந்து மாதம் ஒரு படம், செங்கல்பட்டில், அதுவும் ஒரு சனிக்கிழமை. திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், சரியாக நடுவில் இரண்டு சீட்டு கிடைக்காவிட்டால் டிக்கெட்டே வாங்க மாட்டார். கவுண்டரில் சண்டை போட்டு, பின்னால் நிற்பவர்களிடம் திட்டு வாங்கி, அந்த இரண்டு சீட்டில் என்னை உட்கார வைப்பார். அப்படிப்பட்ட மனிதர், “போரு. இப்ப படம் எடுக்கறவனுங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசறானுங்க,” என்று ஒரு நாள் சொன்னார். அதோடு சரி. அவர் வராமல் நானும் போகவில்லை.

காதைக் காட்டுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“என் காதுக்கு இன்னா கொறச்சல்? டிவி ஸ்பீக்கரு கீழ பாத்துகினு கீது. அது மேசைக்குத்தான் கேக்கும், மன்சனுக்கா கேக்கும்?”

டிவி ஸ்பீக்கர் கீழே பார்த்தபடிதான் இருந்தது, அது உண்மை. அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில்தான் காது போனது, அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார் என்பதால் நான் எடுப்பதில்லை. ஆக, இந்த இண்டென்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். டாக்டரிடம் போக வேண்டிய மனிதர் கடைக்குப் போகப் பார்க்கிறார். தன் காதில் இருக்கும் குறையை டிவி மேல் போட்டுவிட்டு, வீடு நிறைய ஸ்பீக்கர் வாங்கி மறைக்கப் பார்க்கிறார்.

பென்சிலை எடுத்து எழுதினேன். ‘காரணம் போதவில்லை. உபயோகிப்பவர் யார்? தெளிவாகக் குறிப்பிடவும்.’ சொம்புக்கு அடியிலேயே வைத்துவிட்டு ஆபீஸ் பஸ் பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது தாள் இல்லை. மறுநாளும் பதில் வரவில்லை. அவர் இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததே கிடையாது. ஆனால் அந்தச் சனிக்கிழமையே, “வா, கொட்டேஷன் வாங்கியாரலாம்,” என்று கிளம்பிவிட்டார். கேள்விக்குப் பதில் இல்லாமல் கொட்டேஷன் வாங்குவது முறைகேடு என்று சொன்னேன். காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினார். விழுந்ததா விழவில்லையா என்று அப்போதெல்லாம் எனக்கே சந்தேகம் வரும், அதனால் திட்டவும் முடியாது.

முதல் கொட்டேஷன் செங்கல்பட்டில், ஒரு பெரிய கடை. விற்பவர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

“இதுல எல்லாமே வரும் சார். மேல கீழ, முன்ன பின்ன, அல்லாம். அட்டைலயே போட்டுகீது பாருங்க.”

இவர் அட்டையை நம்பவில்லை. பையில் இருந்து பென் டிரைவை எடுத்தார். அதில் சோதனைக்கென்று ஏதோ ஒரு கோப்பு வைத்திருந்தார். சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் ஒன்று கடையில் இருந்தது; அதோடு பெட்டியை இணைக்கச் சொல்லி, கோப்பை ஓட விட்டு, ரிசீவரின் முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். முகப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மட்டும் வந்தது. சுற்றிலும் ஏழெட்டு ஸ்பீக்கர் இருந்தும் முன்னால் இருந்த இரண்டு மட்டும்தான் பாடின.

“இன்னாங்க இது?” என்று நான் கேட்டேன்.

“இந்தாம்மா, ஒங்க செக்‌ஷனுக்கு சீல் வெச்ச கவர் வரும்ல? கிளார்க்கு அத்தப் பிரிக்கலாமா?”

“பிரிக்கவே கூடாது. கமிட்டி முன்னாலதான் பிரிக்கணும்.”

“அவ்ளோதான் மேட்டரு. பிளேயருதான் கிளார்க்கு. ரிசீவருதான் கமிட்டி. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குன்னு கவருக்குள்ள எழுதிகீது. நல்ல பிளேயரு கவரைத் தொறக்காம கொண்டாந்து குடுக்கும். இந்தப் பொட்டி வழியிலயே பிரிச்சி, பாதியத் தூக்கிக் கடாசிட்டு, மீதிய ரெண்டு ஸ்பீக்கருக்குக் குடுத்துட்டு கம்முனு நிக்குது.”

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகவில்லை. சீல் வைத்த கவரைப் பிரிக்கிற ஆட்களை என் சர்வீஸில் நான் மன்னித்ததில்லை. இவர் பாக்கெட் நோட்டில் ‘தொழில்நுட்பத் தகுதி இல்லை’ என்று எழுதினார். விற்பவர் பாவம், நாங்கள் வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது கொட்டேஷன் இணையத்தில் தேடியது. கவரைப் பிரிக்காத பிளேயர்தான், ஆனால் கெட்டுப் போனால் யாரிடம் கொடுப்பது என்று அதில் சொல்லவில்லை. சர்வீஸ் இல்லாத பொருள் எங்கள் வீட்டுக்குள் வராது.

மூன்றாவது, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், ஈசிஆர் ரோட்டில் ஓர் இடம். கடற்கரையோரம் பெரிய பெரிய வீடு கட்டுகிறவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் ஒருவர், போட்டுக் காட்டுவதற்காகவே ஓர் அறை வைத்திருந்தார். சுவரெல்லாம் கறுப்புத் துணி, மூன்று சாய்வு நாற்காலிகள். அந்தப் பக்கம் நூறு அடியில் கடல் இருந்தும், கதவைச் சாத்தியதும் அலைச் சத்தம் துளியும் இல்லை. என் கணவர் நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை நடுவில் உட்கார வைத்தார். அவர் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு காடு. மழை ஆரம்பித்தது. எங்கே பெய்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, சுற்றிலும், மேலே, இலை இலையாகப் பெய்தது. பிறகு பின்னால் இடது பக்கத்தில் இருந்து ஏதோ ஒரு பறவை கிளம்பி, சிறகடித்துக்கொண்டு என் தலைக்கு மேலேயே பறந்து போனது. நான் சட்டென்று கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டதே என்று வெட்கத்தோடு அவர் பக்கம் திரும்பினேன். அவரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கேட்கிறது! இவ்வளவு நாள் நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். டிவி ஸ்பீக்கர் மேல்தான் தப்பு.

“இன்னொரு தடவை போடுங்க,” என்றேன் கடைக்காரரிடம்.

போட்டார். அப்போது என் மனதில் என்ன புகுந்ததோ தெரியாது, பர்ச்சேஸ் புத்தி. எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தே பழகிவிட்டது. இந்தத் தடவை பறவை வரும்போது கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அது இடது பக்கம் கிளம்பியது, தலைக்கு மேல் சிறகடித்தது, வலது பக்கம் முன்னால் போய் மறைந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன்.

அவரும் தூக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. இருட்டில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது நிமிர்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவையும் அவர் பறவையைக் கேட்டு நிமிரவில்லை, நான் நிமிர்ந்ததைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறார். நான் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். உடனே அவரும் பார்த்தார். பறவை போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பரீட்சை வைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வந்ததும் மாமல்லபுரம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றார். எப்போதும் எனக்கு இடது பக்கம் உட்காருகிறவர் இப்போதெல்லாம் வலது பக்கம் உட்காருகிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அப்படி உட்கார்ந்தால் அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும். கல்யாணமானது முதல் இருந்த பழக்கத்தை எப்போது மாற்றினார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூட நான் பார்க்கவில்லை.

சுண்டலைக் கொறித்துக்கொண்டே பாக்கெட் நோட்டை எடுத்தார்.

“அந்தப் பறவ எங்கேர்ந்து கெளம்பிச்சு, உனக்கு?”

‘ஏன், உங்களுக்குக் கேட்கவில்லையா?’ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“பின்னால. இடது பக்கம். தலைக்கு மேல வந்து வலது பக்கம் முன்னால போச்சு.”

“மழ?”

“சுத்தியும்ங்க. மேலேர்ந்து ஜாஸ்தி.”

ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். “நல்லாருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“அப்ப சரி,” என்று நோட்டை மூடி வைத்தார். ஏன் அவ்வளவு திருப்தியோடு மூடினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தனக்குக் கேட்காததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேட்ட மாதிரி நடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை சொம்புக்கு அடியில் ஒப்பீட்டுப் பட்டியல் இருந்தது. மூன்று கொட்டேஷனும் பக்கம் பக்கமாக, கோடு போட்டு, கட்டம் கட்டி. மூன்றாவதே தகுதியானது என்று பரிந்துரை. அதற்குக் கீழே பழைய இண்டென்ட். என் பென்சில் கேள்விக்குப் பக்கத்தில் நீல மையில் பதில் எழுதியிருந்தார். அவர் பேசுவது படாளத்துத் தமிழாக இருந்தாலும் எழுதுவது எப்போதும் ஆபீஸ் தமிழ்தான்.

‘உபயோகிப்பவர்: மனைவி.

காரணம்: எனக்கு வலது காது ஏறக்குறைய கேட்பதில்லை. இடது காதிலும் குறைந்து வருகிறது. இரண்டு மாதம் முன்பே செங்கல்பட்டில் பரிசோதனை செய்யப்பட்டது. அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. நான் தியேட்டருக்கு வராத காரணத்தால் மனைவியும் போவதில்லை. அவருக்குக் காது மிக நன்றாக உள்ளது. என் பொருட்டு அது வீணாகக் கூடாது.’

கீழே கையெழுத்து, தேதி. குண்டூசி குத்தி அறிக்கை.

நான் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. தனியாக பஸ் ஏறிப் போய், தனியாக அந்த அறையில் உட்கார்ந்து, கேட்கிறது கேட்கவில்லை என்று சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல என்னோடு இரவு தோசை சாப்பிட்டிருக்கிறார். இரண்டு மாதம்! பிறகு அழுகை வந்தது. அவர் தன் குறையை மறைக்கத்தான் ஸ்பீக்கர் கேட்கிறார் என்று நினைத்து, ‘தெளிவாகக் குறிப்பிடவும்’ என்று எழுதியவள் நான். அவர் தெளிவாகவே குறிப்பிட்டுவிட்டார். வாயால் சொல்ல வராததை, நாங்கள் இருவரும் எதில் பேசிப் பழகினோமோ அதிலேயே சொல்லிவிட்டார்.

அவர் பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்காது. இடது பக்கமாகப் போய் நின்று கையைப் பிடித்தேன்.

“இன்னா, பஸ்ஸு போயிடிச்சா?”

“ஃபைல் க்ளியர் பண்ணிட்டேங்க.”

“கொஸ்டின் இல்லியா?”

“இல்ல.”

செடியைப் பார்த்தபடியே தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “காதுக்கு மிஷின் இருக்கே, வெச்சுக்கலாமேங்க,” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அப்பாகூட ஒண்ணு வெச்சிருந்தாரு. எந்நேரமும் கூ கூன்னு விசிலு. கழட்டி டப்பால போட்டாரு, அப்டியே போயிட்டாரு. அந்தப் பேஜாரெல்லாம் வேணாம்மா. நீ கேளு. எனக்கு அது போதும்.”

பொருள் வந்து சேர்ந்தது. குவார்ட்டர்ஸ் கூரையில் துளை போடக் கூடாது. எங்களுடையது கடைசி மாடி என்பதால் பால்கனிக்கு மேலே ஒரு தகரம் போடவே மூன்று கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதனால் கூரையைப் பார்த்துச் சத்தத்தை அனுப்பி, அங்கே பட்டுத் திரும்பி வரச்செய்யும் ஸ்பீக்கர்களாக வாங்கியிருந்தார். நான் சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் அளவு டேப்போடு வந்து தரையில் இருந்து என் காது வரை அளந்தார்.

“அசையாத.”

“எதுக்குங்க?”

“இன்னா ஒயரத்துல கேக்கப் போறேன்னு தெரிய வாணாமா?”

புத்தகங்களை அடுக்கி, சரியாக அந்த உயரத்தில் சத்தத்தை அளக்கும் மைக்கை நிறுத்தினார். ஒவ்வொரு ஸ்பீக்கரில் இருந்தும் புஸ் என்று சத்தம் வர, மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்தார். தன் காதை ஒரு தடவைகூட அவர் ஸ்பீக்கர் கிட்டே கொண்டு போகவில்லை, மீட்டர் சொன்னதை மட்டும் கேட்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களின் கருவியைச் சரிபார்த்த மனிதர். கடைசியில் சோபாவை நகர்த்தி, என் இடத்தை நடுவாக்கி, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தார். ஈசிஆர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த அந்தக் காட்டைப் போட்டார்.

மழை பெய்தது. பறவை இடது பக்கம் கிளம்பி, தலைக்கு மேலே வந்து, வலது பக்கம் முன்னால் போனது. நோட்டில் எழுதிய மாதிரியே. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வேலை முடிந்த சிரிப்பு. பொருள் சரியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார்.

நான் பென்சிலை எடுத்தேன்.

‘ஏற்கப்படவில்லை. ஒரு நபருக்கு மட்டுமே பொருத்தப்பட்டுள்ளது. இரண்டாவது நபருக்கான பாகம் வந்த பிறகு மறுபடியும் சோதிக்கவும்.’

அதோடு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் ஒரு இண்டென்ட் எழுதினேன். பொருள்: காது கேட்கும் கருவி, இரண்டு. உபயோகிப்பவர்: கணவர். வைக்கும் இடம்: என் வலது பக்கம். காரணம்: தனியாக அண்ணாந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“ஒங்க செக்‌ஷன் ஆளுங்களே இப்டித்தான்,” என்றார். பிறகு, “இன்னா இது, ஸ்பெசிபிகேஷனே இல்ல?”

“எனக்கு எழுதத் தெரியாது. நீங்களே எழுதுங்க.”

அங்கேதான் அவரைப் பிடித்தேன். ஸ்பெசிபிகேஷன் எழுதச் சொன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்குள் காதுக் கருவியைப் பற்றி, விற்கிறவர்களுக்கே தெரியாததெல்லாம் தெரிந்துகொண்டார். அப்பாவின் கருவி ஏன் விசிலடித்தது, இப்போது வருகிறவை அதை எப்படித் தடுக்கின்றன என்று எனக்குப் படம் வரைந்து விளக்கினார். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பரிந்துரை. நான் கேள்வி போடாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் கருவி வந்த பிறகுதான் உண்மையான பாடு ஆரம்பித்தது. பிளாஸ்டிக் பையைத் தொட்டால் காதைப் பொத்திக்கொள்வார். குக்கர் விசிலுக்குத் துள்ளி எழுவார். “நீ நடந்தா பொடவ இத்தினி சத்தம் போடுமா?” என்று என்னையே குற்றவாளி ஆக்கினார். இரண்டாவது வாரம் கருவி டப்பாவுக்குள் போய்விட்டது, டப்பா மேசை டிராயருக்குள் போய்விட்டது. அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய அப்பாவின் டப்பாவை நானும் பார்த்தவள். திட்டலாமா கெஞ்சலாமா என்று யோசித்து, இரண்டும் செய்யாமல், டப்பாவை எடுத்துச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை டப்பா காலியாக இருந்தது. இதெல்லாம் நடந்து முடியும் வரை பிளேயரைப் போடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ஏற்காத பொருளை உபயோகிக்கக் கூடாது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்ததும், “போடட்டா?” என்றார். போட்டார். நான் நடுவில், அவர் எனக்கு வலது பக்கம். வறண்ட ஏரியில் ஒரு குடும்பம் நடந்து போகிற படம். திரை முழுக்க வெயில். காலடியில் மண் நொறுங்குகிற சத்தம் எங்கள் ஹால் தரையில் கேட்டது. அந்தப் பெண் எப்போது தண்ணீர் குடிப்பாள் என்ற கவலையில் நான் மூழ்கிப் போயிருந்தேன்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினேன். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்துவிட்டுத்தான் நான் மேலே பார்த்தேன்.

“மேல் ஸ்பீக்கரு ஏதோ மாறிப்போச்சும்மா,” என்றபடி அவர் எழுந்தார். “படத்துல வெயிலு காயுது. மேல மழ பெய்யுது.” ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். திரையில் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பார்த்தார். எல்லாம் ஊமையாக இருந்தன. பிறகு மெதுவாகப் பால்கனிப் பக்கம் திரும்பினார். மூன்று கடிதம் எழுதி வாங்கிய தகரத்தின் மேல், பெரிய பெரிய துளியாக, நிஜமான மழை விழுந்துகொண்டிருந்தது.

அவர் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“கேக்குதாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

மொட்டை மாடிக் கொடியில் என்னுடைய இரண்டு புடவையும் அவருடைய வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. ஓடிப் போய் எடுத்திருக்க வேண்டும்.

“கேக்குதுங்க,” என்றேன். அவர் திரும்பி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார். துணி நனைந்தது.